பம்பைக் கடைசியில் திறவுங்கள்

தூத்துக்குடியில் டீசல் மெக்கானிக் மாணவர்களும் லாரி, விசைப்படகு உரிமையாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை



டீசல் பம்பு பழுது பார்க்கிற கடைக்கு வருகிற டிரைவர் பெரும்பாலும் இரண்டே சொல்லோடுதான் வருவார்: "வண்டி இழுக்கல." துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றியிருப்பார். இல்லையென்றால் முள்ளக்காட்டு உப்பை ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குப் போய் வந்திருப்பார். ஆரியங்காவு ஏற்றத்தில் வண்டி முனகியிருக்கும். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தே உயிரை எடுத்திருப்பான். அந்த எரிச்சலோடு வந்து நிற்கிறவர் அடுத்துக் கேட்பது இதுதான்: "அண்ணாச்சி, பம்பைக் கொஞ்சம் கூட்டி விடுங்க."

கூட்டுவது என்றால் என்ன? பம்பில் டீசலின் அளவைக் கூட்டிக் குறைக்கிற ரேக் எவ்வளவு தூரம் போகலாம் என்று தடுத்து நிறுத்துகிற ஒரு திருகு உண்டு. கம்பெனியிலிருந்து வரும்போது அதில் ஈய சீல் போட்டிருக்கும். அந்த சீலை வெட்டி, திருகைச் சற்று நகர்த்தினால் டீசல் கூடுதலாகப் போகும். வண்டி முன்னைவிட இழுப்பதுபோல் இருக்கும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். ஆகவே அது தொழில் அல்ல. அந்தத் திருகைத் தொடாமல் அதே வண்டியை இழுக்கவைப்பதுதான் தொழில். இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். காமன் ரெயில், சென்சார், லேப்டாப் எல்லாம் நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு எலிமெண்ட் வரிசையாக நிற்கிற பழைய இன்லைன் பம்பு மட்டும். நம் ஊர் உப்பளத்து லாரிகளிலும், படகுகளிலும், ஜெனரேட்டர்களிலும் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. ருடால்ஃப் டீசலின் எஞ்சின் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓடிக் காட்டியது. அதில் எரிபொருளை உள்ளே தள்ளியது பம்பு அல்ல, அழுத்தப்பட்ட காற்று. காற்றை அழுத்தத் தனியாக ஒரு கம்ப்ரஸர் வேண்டும். கப்பலுக்கும் மின்நிலையத்துக்கும் அது சரிப்பட்டது. லாரியில் வைக்க இடம் ஏது? ராபர்ட் போஷ் 1922-இல் இந்தச் சிக்கலில் கைவைத்து, 1927-இல் டீசல் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தார். லாரிகளில் டீசல் எஞ்சின் பரவ வழி பிறந்தது அந்தப் பம்பினால்தான். நம் நாட்டில் அதைத் தயாரித்தது 1951-இல் தொடங்கிய பெங்களூர் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி. மைக்கோ என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். 2008-இல் கம்பெனி போஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பம்பு கடைகளில் இன்றும் அது மைக்கோ பம்புதான்.

பம்பின் மேல் ஒரு சிறிய தகடு ஆணியடித்திருக்கும். கற்றுக்கொள்ள வருகிற தம்பிகள் முதலில் அதைத் துடைத்துப் படிக்கப் பழக வேண்டும். பி.இ.எஸ். 6 ஏ 90 என்று இருந்தால், தனக்கென்று கேம் ஷாஃப்ட் உள்ள பம்பு, முகப்பில் ஃபிளாஞ்ச் வைத்து மாட்டுவது, ஆறு சிலிண்டர், ஏ அளவு, பிளஞ்சரின் குறுக்களவு 9.0 மில்லிமீட்டர் என்று அர்த்தம். பக்கத்தில் கவர்னரின் எண் இருக்கும். இந்த எண்களை வைத்துத்தான் டெஸ்ட் பெஞ்சில் எத்தனை சுற்றில் எத்தனை சி.சி. வரவேண்டும் என்ற சார்ட்டை எடுக்க முடியும். தகட்டைப் பெயின்ட் அடித்து மறைத்துவிட்டுக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு கணக்குப் போடுகிறேன், கரும்பலகையில் எழுதிக்கொள்ளுங்கள். டர்போ இல்லாத 6 லிட்டர் எஞ்சின், நிமிடத்துக்கு 2,000 சுற்று. நாலு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கும். ஆக நிமிடத்துக்கு 6,000 லிட்டர். முழுதாக நிரம்பாது, நம் ஊர் வெக்கையில் காற்றும் லேசாகிவிடும். இரண்டையும் கழித்தால் சுமார் 5.9 கிலோ காற்று தேறும். ஒரு கிலோ டீசல் முழுதாக எரியக் கணக்குப்படி பதினாலரை கிலோ காற்று போதும். ஆனால் கண்மூடித் திறப்பதற்குள் எல்லா டீசலும் எல்லாக் காற்றையும் தேடிப்பிடித்துக் கலந்துவிடாது. அதனால் கரும்புகை வராமல் ஓட இருபது கிலோ காற்று இருந்தால் நல்லது. அப்படியானால் நிமிடத்துக்கு 0.29 கிலோ டீசல், அதாவது ஏறத்தாழ 350 சி.சி. இதை ஆறு சிலிண்டருக்கும் 6,000 தடவையாகப் பங்கு வைத்தால், ஒரு தடவைக்குக் கிடைப்பது சுமார் 0.06 சி.சி. ஒரு சொட்டுக்குச் சற்றுக் கூட. அவ்வளவுதான்.

அந்த ஒரு சொட்டை, 500 டிகிரிக்கு மேல் கொதிக்கிற காற்றுக்குள், ஒரு வினாடியில் ஐநூறில் ஒரு பங்கு நேரத்துக்குள், பனிபோலத் தூவ வேண்டும். ஆறு சிலிண்டருக்கும் ஒரே அளவு. 1-5-3-6-2-4 என்ற வரிசையில் அதனதன் முறை வரும்போது, பாகை தப்பாமல்.

கணக்கில் இன்னொன்றையும் கவனித்தீர்களா? எவ்வளவு டீசல் என்பதை முடிவு செய்தது பம்பு இல்லை, காற்று. காற்று அதேதான், டீசலை மட்டும் கூட்டினால் மிச்சம் எரியாமல் கரியாகும். கொஞ்சம் புகையாக வெளியே போகும். கொஞ்சம் லைனர் சுவரில் வழிந்து இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலக்கும். சைலன்சர் சூடு ஏறும், பிஸ்டன் தலை வேகும். முதல் நடையில் டிரைவருக்குச் சந்தோஷம். ஆறு மாதம் கழித்து ஓனருக்குப் போர் வேலை.

அப்படியென்றால் "வண்டி இழுக்கல" என்று வருகிறவரிடம் என்ன செய்வது? பம்பைத் தொடாமல் காற்று ஃபில்டரைத் திறந்து பார்ப்பது. சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டுச் செம்மண்ணில் ஓடுகிற வண்டியின் ஃபில்டரைத் தட்டினால் அரைக்கிண்ணம் மண் விழும். மூச்சு அடைத்த எஞ்சினில் எந்தப் பம்பும் கரும்புகைதான் தள்ளும். அடுத்து டாங்க். கடலோர ஊரில் அரை டாங்கோடு இரவு நிற்கிற வண்டிக்குள் ஈரக்காற்று நுழைந்து, விடியற்காலைக் குளிரில் நீராக இறங்கி அடியில் தங்கும். டீசலைவிட நீர் கனமானது. பைப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். அடிநட்டைக் கழற்றி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்தால் கோடு போட்டதுபோல் நீர் பிரிந்து தெரியும். ராத்திரி நிறுத்தும்போது டாங்கை நிரப்பி நிறுத்துங்கள் என்று நான் சொல்வது பங்க்காரருக்கு லாபம் பார்த்துக் கொடுக்க அல்ல.

பிறகு டீசல் ஃபில்டர், ஃபீட் பம்பு, எங்காவது காற்று உறிஞ்சுகிறதா என்ற சோதனை, வால்வு கிளியரன்ஸ், கம்ப்ரஷன். இதையெல்லாம் விவரிக்கப் போவதில்லை, ஐ.டி.ஐ. பாடத்தில் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது நாசிலுக்குப் போகும் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பாருங்கள். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் எஞ்சின் தடுமாறும். கெட்ட சிலிண்டரில் தளர்த்தினால் ஒன்றும் ஆகாது. அது ஏற்கெனவே சும்மாதானே இருந்தது! கருவி எதுவும் வேண்டாம், காது போதும். ஆறில் ஒன்று வேலை செய்யாத வண்டிக்குப் பம்பைக் கூட்டினால், மற்ற ஐந்தும் அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கும். அடுத்து படுப்பது அந்த ஐந்தில் ஒன்று.

நட்டைத் தளர்த்தும்போது கண்ணையும் கையையும் தள்ளி வையுங்கள். நாசிலைக் கழற்றிக் கைப்பம்பு டெஸ்டரில் மாட்டியிருக்கும்போது இன்னும் கவனம். வண்டிக்கு ஏற்ப 170 முதல் 250 கிலோ வரை அழுத்தத்தில் திறக்கிற நாசில் அது. தூவலுக்கு முன்னால் விரலை நீட்டினால் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இராது. உள்ளே சதை அழுகத் தொடங்கியிருக்கும். அப்படி நேர்ந்தால் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டீசல் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நல்ல நாசில் 'கிர்ர்' என்று கத்தித் தூவும், சட்டென்று நிற்கும், நுனி காய்ந்திருக்கும். கெட்டது ஒழுகும். ஒழுகுகிற சொட்டு எரியாது, புகையும். புகைக்காகப் பம்பைக் குறை சொல்லி வருகிற வண்டிகளில் நிறைய, நாசிலைப் பார்த்ததோடு சரியாகிப் போகும்.

அடுத்தது டைமிங். பம்பு எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. முதல் சிலிண்டரின் கம்ப்ரஷனில், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் குறித்த பாகை முன்னால் டீசல் கிளம்ப வேண்டும். எத்தனை பாகை என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். புத்தகத்தைப் பாருங்கள், பக்கத்துக் கடைக்காரரைக் கேட்காதீர்கள். முதல் டெலிவரி வால்வை எடுத்துவிட்டு வளைந்த ஒரு குழாயை மாட்டி, ஃபிளைவீலை மெல்லத் திருப்பினால் டீசல் ஒழுகி, சொட்டாகி, நிற்கும். சொட்டு நிற்கிற இடம்தான் ஆரம்பம். கற்றுக்கொள்கிறவர்கள் இதில் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு: ஒன்றாவது பிஸ்டனும் ஆறாவதும் சேர்ந்தே ஏறி இறங்கும். ஃபிளைவீல் குறி சரியாக நிற்கும், ஆனால் கம்ப்ரஷனில் இருப்பது ஆறாவதாக இருக்கும். ஆறாவது சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் மாறிமாறி அசைகிற நேரமே ஒன்றாவதற்குக் கம்ப்ரஷன் நேரம். மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் குறியை நம்புங்கள்.

பைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு பைப்பும் ஒரே நீளமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பம்புக்குப் பக்கத்தில் இருக்கிற சிலிண்டருக்கும் வளைத்து நெளித்து அதே நீளத்தில்தான் போகும். ஏன் இந்த வீண் வளைவு என்று கேட்டு, ஒடிந்த பைப்புக்குப் பதிலாக நறுக்கிய குட்டைப் பைப்பை மாட்டுகிறவர்கள் உண்டு. டீசலுக்குள் அழுத்தம் ஓடுகிற வேகம் வினாடிக்குச் சுமார் 1,300 மீட்டர். 60 சென்டிமீட்டர் பைப்பைக் கடக்க அரை மில்லி வினாடிக்குச் சற்றுக் குறைவாகும். 2,000 சுற்றில் அதற்குள் கிராங்க் ஐந்தரை பாகை திரும்பிவிடும். 10 சென்டிமீட்டர் வெட்டினால் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் கிட்டத்தட்ட ஒரு பாகை முந்திக்கொள்ளும். வெட்டியவர் கையில் ஸ்பேனர்தான் இருந்தது, மாற்றியது டைமிங்கை.

இவ்வளவும் பார்த்த பிறகும் வண்டி இழுக்கவில்லையா? இப்போது பம்பைக் கழற்றலாம்.

பம்பைத் திறந்தால் உள்ளே ஆறு எலிமெண்ட். பிளஞ்சரும் பேரலும் சேர்ந்த ஜோடி அது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். ஒன்றை ஒன்றோடு தேய்த்துச் சேர்த்த ஜோடி, அதனால் ஒரு ஜோடியின் பிளஞ்சர் இன்னொன்றின் பேரலுக்குப் போகக் கூடாது. துணியால் துடைக்கக் கூடாது, நூல் ஒட்டும். தேய்த்த பரப்பை விரலால் தொடாதீர்கள். வியர்வையின் உப்பு துருவைக் கொண்டுவரும். சுத்தமான டீசலில் அலசி, ஈரத்தோடு கோர்க்க வேண்டும். புதிதாக வரும் பையனை மாதக்கணக்கில் வெறும் அலசலில் உட்காரவைக்கிறார்களே என்று பெற்றோருக்கு வருத்தம். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. அந்தக் கை பழகாமல் மற்றது எதுவும் வராது.

பிளஞ்சர் எப்போதும் ஒரே உயரம்தான் ஏறுகிறது. அதன் உடலில் சாய்வாக ஒரு வெட்டு உண்டு. ரேக் நகரும்போது பிளஞ்சர் சுழலும், வெட்டு முந்தியோ பிந்தியோ துளையைத் திறக்கும், அங்கே அழுத்தம் விட்டுப்போகும். தள்ளுவது எப்போது தொடங்கும் என்பதைக் கேம் முடிவு செய்கிறது. எப்போது முடியும் என்பதை இந்தச் சாய்வு முடிவு செய்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் நடப்பது இவ்வளவுதான். இந்த வெட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் வியப்புத் தீரவில்லை.

டெஸ்ட் பெஞ்சில் பம்பை மாட்டிச் சுற்றவிட்டால் ஆறு கண்ணாடிக் குழாய்களில் டீசல் விழும். முதலில் பேஸிங்: ஆறும் 60 பாகை இடைவெளியில் தொடங்குகின்றனவா என்று பார்ப்பது. அது முடிந்த பிறகே அளவு. வரிசையை மாற்றிச் செய்தால் பார்த்த வேலையைத் திரும்பப் பார்க்க வேண்டிவரும். ஐடிலிலும் பார்க்க வேண்டும், முழு லோடிலும் பார்க்க வேண்டும். தேய்ந்த எலிமெண்ட் வேகமாகச் சுற்றும்போது மற்றவற்றோடு ஒத்து நிற்கும், மெதுவாகச் சுற்றும்போது கசிந்து காட்டிக்கொடுக்கும். நம் ஊரில் 1961-இல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. அந்தக் காலத்தில் முத்தை மதிப்பிடுகிறவர்கள் பத்துப் பித்தளைச் சல்லடைகளை வைத்திருப்பார்களாம், 20 துளை உள்ளதிலிருந்து 1,000 துளை உள்ளது வரை. எது எந்தச் சல்லடையில் நிற்கிறது என்று பிரித்த பிறகே விலைப் பேச்சு. பெஞ்சின் ஆறு குழாய்களும் அந்தச் சல்லடை போலத்தான். கண்ணும் காதும் சொன்னதற்கு அங்கே எண் கிடைக்கிறது. ஆறும் சார்ட் சொல்கிற அளவில் ஒன்றுபோல் நின்றுவிட்டால், பழைய வண்டி மறுபடி இழுக்கும். புது சீல் போட்டு அனுப்பலாம். புகைச் சோதனையிலும் நிற்கும், பி.எஸ். 4-க்கு முந்திய வண்டிகளுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு வரை சட்டம் இடம் கொடுக்கிறது, ஒழுங்கான பம்புக்கு அது தாராளம்.

ஒரு சந்தேகம் அடிக்கடி கேட்கிறார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 டீசல், அதில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். கந்தகம் போனால் வழுவழுப்பும் போகுமே, பழைய பம்பு தேயாதா என்று. பாதி உண்மை. கந்தகத்தை எடுக்கிற சுத்திகரிப்பில் டீசலின் இயல்பான வழுவழுப்பும் சேர்ந்து போகிறது. அதை ஈடுகட்ட எண்ணெய்க் கம்பெனிகள் வேறு பொருள் சேர்த்துத்தான் விற்கின்றன; வழுவழுப்புக்கும் தர அளவு இருக்கிறது. பம்பைத் தேய்ப்பது மண்ணெண்ணெய்க் கலப்பும் நீரும்தான். ஆகவே வழுவழுப்புக்கென்று இரண்டு ஸ்ட்ரோக் ஆயிலை டாங்கில் ஊற்றுகிற வழக்கத்துக்கு என் ஆதரவு இல்லை.

கடைசியாகப் படகுக்காரர்களுக்கு. லாரிக்குச் செய்த அதே எஞ்சின் விசைப்படகிலும் ஏறுகிறது. லேலண்டின் கடல் எஞ்சின்களும் லாரி எஞ்சின் வழி வந்தவைதான். பழைய லாரியிலிருந்து கழற்றி ஏற்றியவையும் உண்டு. லாரி ஏற்றத்தில் மட்டும் முக்கும், இறக்கத்தில் மூச்சு விடும். படகு காலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் திரும்பும்வரை, வலை நீரில் இருக்கிற நேரமெல்லாம் முக்கிக்கொண்டே இருக்கும். இறக்கம் என்று ஒன்று கடலில் இல்லை. ஆகவே லாரி சார்ட்டைப் பார்த்துப் படகுப் பம்பை வைக்கக் கூடாது. அளவைக் குறைத்து வைக்க வேண்டும். கவர்னரும் வேறு. லாரிக் கவர்னர்களில் பல ஐடிலையும் உச்ச வேகத்தையும் மட்டுமே கவனிக்கும், நடுவில் உள்ளதை டிரைவரின் கால் பார்த்துக்கொள்ளும். படகில் கால் ஏது? அலையில் பின்பக்கம் தூக்கிப் புரொப்பல்லர் பாதி வெளியே வந்தால் எஞ்சின் சீறும். எந்த வேகத்தில் வைத்தாலும் பிடித்து நிறுத்துகிற கவர்னர்தான் அங்கே வேண்டும். இன்னொன்று, வலை இழுக்காமல் ஓடும்போது வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் புரொப்பல்லருக்குத் தேவையான சக்தி ஏறத்தாழ 27 சதவீதம் குறையும். கரைக்குத் திரும்பும்போது முந்துகிற போட்டியில் எரிகிற டீசல் எவ்வளவு என்று இதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி 61 நாள் படகுகள் கரையில் நிற்கும். எல்லாரும் ஜூன் இரண்டாம் வாரம் பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறீர்கள். ஏப்ரல் கடைசியிலேயே வாருங்கள். வரும்போது பம்பை மட்டும் கழற்றிக்கொண்டு வராதீர்கள். ஆறு நாசிலும் ஆறு பைப்பும் கூட வரட்டும். எது எந்தச் சிலிண்டருடையது என்று நூலில் சீட்டுக் கட்டி வையுங்கள். டாங்கின் அடியிலிருந்து பிடித்த டீசலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொண்டுவாருங்கள். அந்தப் பாட்டிலைப் பார்த்த பிறகுதான் பம்பை வாங்கி வைப்பதா, திருப்பி அனுப்புவதா என்று சொல்ல முடியும்.